பிளேசாரும் எங்கம்மாவோட பால் கணக்கு நோட்டும்

மக்களே, ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. பொட்டி தட்டுற நேரம் போக மிச்ச நேரத்துல படிச்சதை இங்க கொட்டி வைக்கலாம்னு வந்திருக்கேன். பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ கையில எடுத்துக்கிட்டு உக்காருங்க.

இன்னிக்கு மேட்டர் பிளேசார். கல்யாண ரிசப்ஷன்ல மாப்பிள்ளை வேர்க்க வேர்க்கப் போட்டுக்கிட்டு நிப்பாரே, அந்தக் கோட்டு இல்லை :-) இது வானத்துல இருக்கற சமாச்சாரம்.

முதல்ல ஒரு சின்ன வேலை. இந்திய மேப்பை விரிச்சு எங்க ஊர் லப்பைக்குடிக்காட்டுல ஒரு புள்ளி வைங்க. பெரம்பலூர் மாவட்டத்தோட வடக்கு ஓரம், வெள்ளாத்தங்கரை. சென்னை-திருச்சி ரோட்டுல திருமாந்துறை டோல்கேட் தாண்டிப் போனவங்களுக்கு ஏரியா தெரிஞ்சிருக்கும். அந்தப் புள்ளியில இருந்து பென்சிலை நேர் வடக்கா இழுத்துக்கிட்டே போங்க. நாக்பூர் பக்கமாப் போய், இமயமலை ஏறி, லடாக்ல ஹான்லேங்கற ஊர்ப் பக்கத்துல போய் நிக்கும். ரெண்டு ஊருக்கும் தீர்க்கரேகை ஏறக்குறைய ஒண்ணு, சுமார் 79 டிகிரி கிழக்கு. எங்க ஊர்ல நடுராத்திரி ஆகும்போதுதான் அங்கேயும் நடுராத்திரி. அந்த ஹான்லேலதான் கடல் மட்டத்துல இருந்து சுமார் 4,300 மீட்டர் உயரத்துல நம்மாளுங்க பிளேசார் பார்க்குறாங்க.

சரி, பிளேசார்னா என்ன? பெரிய கேலக்சிகளோட நடுவுல ராட்சசக் கருந்துளை ஒண்ணு உக்காந்திருக்கும். சூரியனைப் போல பல கோடி மடங்கு, சிலதுல நூறு கோடி மடங்கு எடை. சுத்தி இருக்கற வாயுவை அது இழுத்துத் திங்கும்போது, சிலதுல ரெண்டு பக்கமும் ஜெட் மாதிரி பொருள் பீச்சி அடிக்கும். வேகம் ஒளி வேகத்துல 99 சதவீதத்துக்கும் மேல. அந்த ஜெட்டுல ஒண்ணு தற்செயலா நம்ம பூமியைப் பார்த்துத் திரும்பி இருந்தா அதுக்குப் பேர் பிளேசார். ராத்திரியில எதிர்ல வர்ற லாரி ஹைபீம் போட்டா எப்படி இருக்கும்? அதேதான். லாரி எவ்வளவு பெருசு, என்ன லோடுன்னு ஒண்ணும் தெரியாது, கண்ணு மட்டும் கூசும். அதுலயும் இந்த லாரி நிமிஷத்துக்கு நிமிஷம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டே வருது.

இந்தக் குடும்பத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததுல ஒண்ணு பிஎல் லாசர்டே. 1929ல ஜெர்மனியில ஹோஃப்மைஸ்டர்ங்கறவர் கண்டுபிடிச்சார். வெளிச்சம் ஏறி இறங்குது, அதனால இது 'மாறும் விண்மீன்'னு முடிவு பண்ணி லிஸ்டுல சேர்த்தாச்சு. சாதாரணத் தொலைநோக்கியில பார்த்தா அது அப்படித்தான் தெரியும், அவர் மேல தப்பு சொல்ல முடியாது. கிட்டத்தட்ட 40 வருஷம் நட்சத்திரம்ங்கற பேர்லயே இருந்துச்சு. 1968லதான், ரேடியோவுல பலமாக் கத்திக்கிட்டு இருந்த ஒரு மூலமும் இதுவும் ஒரே இடத்துல இருக்குன்னு தெரிஞ்சுது. அப்புறம்தான் இது நம்ம பால்வீதி நட்சத்திரமே இல்லை, வேற ஒரு கேலக்சியோட வயித்துக்குள்ள இருந்து வர்ற வெளிச்சம்னு புரிஞ்சுது. 1978ல எட் ஸ்பீகல் இந்த பிஎல் லாக்கையும் குவேசாரையும் சேர்த்து ஒட்டி 'பிளேசார்'னு பேர் வெச்சார்.

ஒரே அலைநீளத்துல பார்த்த வரைக்கும் அது வேற ஆளு. ரெண்டாவது அலைநீளம் வந்ததும் ஆளே மாறிட்டான்.

பிளேசார் ரேடியோல இருந்து காமா கதிர் வரைக்கும் எல்லா அலைநீளத்துலயும் கத்தும். எந்த அலைநீளத்துல எவ்வளவு ஆற்றல் வருதுன்னு கிராஃப் போட்டா ஒட்டகம் மாதிரி ரெண்டு திமில் வரும். முதல் திமில் பத்திப் பெரிய சண்டை இல்லை. ஜெட்டுல இருக்கற எலக்ட்ரான்கள் காந்தப்புலத்துல சுருண்டு சுருண்டு ஓடும்போது கக்குற வெளிச்சம், பேரு சின்க்ரோட்ரான். சண்டை எல்லாம் ரெண்டாவது திமில்லதான், அதாவது காமா கதிர்ப் பக்கம். ஒரு கட்சி, அதே எலக்ட்ரான்கள் பக்கத்துல இருக்கற வெளிச்சத்தை உதைச்சு காமாவா ஏத்தி விடுதுன்னு சொல்லுது. இன்னொரு கட்சி, இல்லைப்பா, புரோட்டான்களும் கூட்டுன்னு சொல்லுது. வெறும் காமாவை மட்டும் பார்த்தா ரெண்டு கட்சியுமே ஜெயிக்கும்!

அப்ப எப்படிப் பிரிக்கறது? எல்லா அலைநீளத்தையும் ஒரே நேரத்துல பார்க்கணும். 'ஒரே நேரத்துல'ங்கறதுதான் முக்கியம். நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு புரொடக்ஷன் படுத்துருச்சுன்னா அப்ளிகேஷன் லாக், டேட்டாபேஸ் லாக், நெட்வொர்க் லாக் மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நேரம் பார்ப்போம். எது முதல்ல விழுந்துச்சு, எது அதுக்கப்புறம்? லாக் எதுவும் பொய் சொல்லாது, ஆனா எதுவும் முழுசாச் சொல்லவும் சொல்லாது. மூணுல ஒண்ணு நேத்து லாக்கா இருந்தா குப்பைக்குத்தான். நமக்காவது பழைய லாக் எங்கயாவது பேக்கப்ல கிடக்கும். பிளேசார் பொங்குற ராத்திரி எக்ஸ்ரேல ஒருத்தரும் பார்க்கலைன்னா, அந்த ராத்திரியோட எக்ஸ்ரே போனது போனதுதான்.

இதுக்கு நல்ல உதாரணம் மார்க்கேரியன் 421. அர்மீனிய வானியலாளர் மார்க்கேரியன் போட்ட பட்டியல்ல 421வது. சுமார் 40 கோடி ஒளியாண்டு தூரம், பிளேசார் கணக்குல பக்கத்து வீடு. 1992ல அரிசோனாவுல விப்பிள் தொலைநோக்கி இதுல இருந்து டெரா எலக்ட்ரான்வோல்ட் காமா கதிரைப் பிடிச்சுது. கண்ணுக்குத் தெரியற ஒளியை விட ஏறக்குறைய லட்சம் கோடி மடங்கு ஆற்றல். நம்ம கேலக்சிக்கு வெளிய அப்படிப் பிடிபட்ட முதல் ஆள் இதுதான்.

2010 பிப்ரவரியில இது பொங்குச்சு. சாதாரணப் பொங்கல் இல்லை. 17ம் தேதி, இந்த வகைக் காமாவுக்கு அளவுகோலா வெச்சிருக்கற நண்டு நெபுலாவைப் போல சுமார் 27 மடங்கு வெளிச்சம். அரிசோனாவுல வெரிடாஸ் பார்த்துச்சு. கேனரித் தீவுல மேஜிக் பார்த்துச்சு. நம்ம ஹான்லேல ஹேகர் பார்த்துச்சு. ஹேகர்ங்கறது நடுவுல ஒண்ணு, சுத்தி ஆறு, ஆக மொத்தம் ஏழு தொலைநோக்கி. ஒவ்வொண்ணுலயும் 90 சென்டிமீட்டர் கண்ணாடி ஏழு. காமா கதிர் காத்து மண்டலத்துல மோதும்போது நொடியில நூறு கோடியில சில பங்கு நேரம் மட்டும் ஒரு நீல மினுக்கு வரும். அதைத்தான் பிடிக்கணும். நிலா இருந்தாலே கஷ்டம். இங்க விடியும்போதுதான் அரிசோனாவுல பொழுது சாயும், அதனால பகல் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் மாதிரி ஆளுக்கு ஆள் கைமாத்தி விடணும். நடுவுல ஹான்லே மாதிரி ஒரு இடம் இல்லைன்னா லாக்ல பெரிய ஓட்டை விழும்.

ஹேகர் குழு தங்களோட டேட்டாவோட ஃபெர்மி, எக்ஸ்ரே, ஆப்டிகல், ரேடியோ எல்லாம் சேர்த்து 2012ல கட்டுரை போட்டாங்க. வெரிடாஸ், மேஜிக் கூட்டணியோட விரிவான கட்டுரை 2020ல வந்துச்சு. ஒரு வாரத்துக் கூத்தைப் புரிஞ்சுக்க பத்து வருஷம்! அதுல கிடைச்ச ஒண்ணு: காமா ஏறி இறங்கின அதே தாளத்துல கண்ணுக்குத் தெரியற ஒளியும் ஏறி இறங்கியிருக்கு, ஆனா 25ல இருந்து 55 நிமிஷம் லேட்டா. 40 கோடி வருஷம் பிரயாணம் பண்ணி வந்த ரெண்டு வெளிச்சம், நடுவுல முக்கால் மணி நேர இடைவெளியைப் பத்திரமா வெச்சிருக்கு. அந்த இடைவெளிதான் ஜெட்டுக்குள்ள என்ன நடந்துச்சுங்கறதுக்குத் துப்பு.

ரேடியோ இன்னும் லேட். சில பிளேசார்ல காமா பொங்கி வாரக்கணக்குல, மாசக்கணக்குல கழிச்சுத்தான் ரேடியோ ஏறும். ஜெட்டோட அடிவாரத்துல இருந்து ரேடியோ அலை வெளிய வர முடியாது, அவ்வளவு நெரிசல். கலக்கம் கீழ இறங்கி, விரிஞ்சு, வழி கிடைச்சதும்தான் ரேடியோல தெரியும். எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தையில சொல்லிரலாம்: வெள்ளாத்துல தண்ணி வர்ற மாதிரி. இங்க வெயில் கொளுத்தும், ஆத்துல செந்தண்ணி வரும். மழை மேற்க மலையில பேஞ்சது, முன்னாடியே.

*

இப்ப கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு சபுராளியாவது இருப்பாங்க. வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவங்களை எங்க பக்கம் அப்படித்தான் சொல்றது. எங்க அத்தா எனக்கு மூணு வயசா இருக்கும்போது சவுதி போனார். எலக்ட்ரீஷியன் வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் வருவார். மத்தபடி எனக்கு அத்தாங்கறது ஒரு குரல். "தம்பி நல்லாப் படிக்கிறியா, நான் நல்லா இருக்கேன், அம்மாட்ட குடு."

2016ல எண்ணெய் விலை சரிஞ்சு சவுதியில பல கட்டுமானக் கம்பெனிகள் தள்ளாடுன சமயம், நான் திருச்சியில இன்ஜினியரிங் படிச்சுக்கிட்டு இருந்தேன். அத்தா போன்ல வழக்கம் போலத்தான் பேசினார். சொல்லப் போனா வழக்கத்தை விடச் சந்தோஷமா. எனக்கு ஒண்ணும் தோணலை.

அம்மாவுக்குத் தோணுச்சு. அம்மா எட்டாவது வரைக்கும்தான் படிச்சவங்க. பால் கணக்கு எழுதற நோட்டோட கடைசிப் பக்கங்கள்ல தேதி போட்டு அத்தா கணக்கும் எழுதுவாங்க. எந்தத் தேதியில பணம் வந்துச்சு, எவ்வளவு, எப்பப் போன் வந்துச்சு, அங்க இருந்து யார் ஊருக்கு வந்தாங்க, என்ன கொடுத்து விட்டார். மார்ச் வரைக்கும் மாசா மாசம் எட்டாம் தேதிக்குள்ள பணம். ஏப்ரல்ல இருபத்தி ரெண்டு. மே மாசம் பாதிதான். ஜூன்ல இல்லை. போன் முன்ன இருபது நிமிஷம், இப்ப நாலு நிமிஷம். வாட்ஸப்புல கடைசியா வந்த நேரம் பகல் பதினொரு மணின்னு காட்டுது. சைட்ல வேலை நடந்தா போனைத் தொடவே முடியாத நேரம் அது. ஜூலைல பக்கத்துத் தெரு மாமா ஒருத்தர் ஊருக்கு வந்தப்ப அத்தா கொடுத்து விட்டதுன்னு ஒரே ஒரு பேரீச்சம்பழ டப்பா. வழக்கமா அட்டைப்பெட்டி வரும்.

தனித்தனியாப் பார்த்தா எல்லாத்துக்கும் ஒரு சமாதானம் இருக்கு. பேங்க் லேட்டு, நெட்வொர்க் சரியில்லை, மாமாவுக்கு லக்கேஜ் கூடிப்போச்சு. அம்மா எல்லாத்தையும் ஒரே பக்கத்துல தேதி வரிசையில எழுதி வெச்சிருந்தாங்க. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை போன்ல நல்லா இருக்கீங்களான்னு கேக்கலை.

"என்னங்க, மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் லீவுக்கு வந்து பக்கத்துல உக்காந்திருந்தேன்.

"ரொட்டி, புள்ள."

"தொட்டுக்க?"

அதுக்குப் பதில் வரலை. அப்புறம்தான் எல்லாம் வந்துச்சு. கம்பெனி சம்பளம் கொடுத்து அஞ்சு மாசம் ஆச்சு. முதல்ல கையில இருந்த சேமிப்புல இருந்து அனுப்பியிருக்கார், அப்புறம் கடன் வாங்கி அனுப்பியிருக்கார், அப்புறம் முடியலை. கேம்ப்ல மெஸ்ஸை மூடியாச்சு. ஒரு ரூம்ல பதினோரு பேர், இருக்கறதைப் பங்கு போட்டுச் சாப்பாடு. அங்க சம்பளம் நின்னது பிப்ரவரியில. எங்க வீட்டுக்கு அது பணமா வந்து சேந்தது ஏப்ரல்ல, டப்பாவா வந்து சேந்தது ஜூலைல. குரல்ல கடைசி வரைக்கும் வரவே இல்லை.

2017 தொடக்கத்துல எக்ஸிட் அடிச்சு வெறுங்கையோட ஊர் வந்து சேர்ந்தார். அந்தச் சம்பளம் இன்னி வரைக்கும் வரலை. எனக்கு மிச்ச செமஸ்டர் ஃபீஸ் மாமா கட்டினார். அத்தா இப்ப ஊர்லயே மோட்டார் காயில் கட்டுறார். அந்த நோட்டைப் பத்திப் பேச்சு வந்தா மட்டும், "உங்கம்மா போலீஸ்ல இருந்திருக்கணும்டா"ன்னு சிரிப்பார்.

அத்தா பொய் சொன்னார்னு நான் நினைக்கலை. உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு, அதைச் சொன்னார். நாம போய் எட்டிப் பார்க்க முடியாத தூரத்துல இருக்கறவங்களோட ஒரு சேதியை மட்டும் கேட்டா, அவங்க எதைச் சொல்றாங்களோ அது மட்டும்தான் கிடைக்கும்.

*

சரி, கொசுவத்தியை அணைச்சாச்சு. பிளேசாருக்கு வருவோம்.

பிளேசார்கிட்ட "மதியம் என்ன சாப்பிட்டே"ன்னு கேக்க முடியாது. அது என்ன சாப்பிட்டதுங்கறதுதான் கேள்வியே, ஹி ஹி. அதனால சேதிகளை அடுக்கி அடுக்கித்தான் பார்க்கணும். அப்படி அடுக்கும்போது சில சமயம் கணக்கு இடிக்கும். 3சி 454.3ன்னு ஒரு பிளேசார். பெங்களூர் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்து (காவலூர் தொலைநோக்கியும் இவங்களோடதுதான்) ஆட்களும் மத்தவங்களும் சேர்ந்து அதோட 9 வருஷ டேட்டாவை அலசி 2019ல எழுதினாங்க. கண்ணுக்குத் தெரியற ஒளி பலமாப் பொங்கின நாலு காலகட்டத்தை எடுத்துக்கிட்டாங்க. ரெண்டுல காமாவும் கூடவே பொங்கியிருக்கு. மத்த ரெண்டுல காமா சோப்ளாங்கி, இல்லவே இல்லைன்னும் சொல்லலாம். அதே பிளேசார், அதே ஜெட்!

காந்தப்புலம் மாறினாலோ, ஜெட்டோட வேகம் மாறினாலோ, காமா கிளம்புற இடமே தள்ளிப் போனாலோ இப்படி ஆகலாம்னு சொல்றாங்க. எனக்குப் பிடிச்சது என்னன்னா, 'ஒண்ணு ஏறினா இன்னொண்ணும் ஏறும்'னு சூத்திரம் எழுதிட்டுப் போயிருக்கலாம், பொருந்தாத ரெண்டை ஓரமாத் தள்ளியிருக்கலாம். அவங்க அந்தப் பொருந்தாத ரெண்டைத்தான் உக்காந்து தோண்டியிருக்காங்க.

எலக்ட்ரானா புரோட்டானாங்கற சண்டைக்கு ஒரு சாட்சி 2017 செப்டம்பர் 22ல வந்துச்சு. தென் துருவப் பனிக்குள்ள புதைச்சு வெச்சிருக்கற ஐஸ்கியூப்ல ஒரு நியூட்ரினோ மாட்டுச்சு. ஒரு நிமிஷத்துக்குள்ள உலகம் முழுக்க எச்சரிக்கை போச்சு. அது வந்த திசையில டிஎக்ஸ்எஸ் 0506+056ங்கற பிளேசார் இருந்துச்சு, ஃபெர்மி டேட்டாவுல பார்த்தா அது அந்தச் சமயம் பொங்கிக்கிட்டு இருக்கு. மேஜிக்கும் அதைப் பிடிச்சுது. எலக்ட்ரான் மட்டும் இருந்தா நியூட்ரினோ வராது, புரோட்டான் வேணும். அந்த ஒரு பிளேசார்ல புரோட்டான் கட்சிக்குப் பலம் கூடுச்சு. மத்ததுல எல்லாம் வழக்கு இன்னும் நடக்குது.

அடுத்த சாட்சி 2022ல. ஐஎக்ஸ்பிஇங்கற சாட்டிலைட் மார்க்கேரியன் 501ஓட எக்ஸ்ரே எந்தப் பக்கமா அதிருதுங்கறதை, அதாவது துருவப்படுதலை, அளந்துச்சு. எக்ஸ்ரேல சுமார் 10 சதவீதம், அதே சமயம் ஆப்டிகல்ல அதுல பாதி அளவு. எக்ஸ்ரே கக்குற எலக்ட்ரான்கள் ஒழுங்கான சின்ன இடத்துல இருக்கு, ஆற்றலை இழந்து தள்ளிப் போகப் போக கலைஞ்ச இடத்துக்கு வருது. அப்படின்னா ஜெட்டுக்குள்ள ஒரு அதிர்ச்சி அலைதான் எலக்ட்ரான்களை உதைச்சு விடுதுன்னு அர்த்தம். எக்ஸ்ரே நம்பர் மட்டும் இருந்திருந்தா இந்தக் கதை வந்திருக்காது. பக்கத்துல ஆப்டிகல் நம்பரை வெச்சதாலதான் வந்துச்சு.

நம்மாளுங்க சும்மா இல்லை. 2015ல ஏவின ஆஸ்ட்ரோசாட்ல புற ஊதாவும் எக்ஸ்ரேயும் ஒரே சாட்டிலைட்ல இருந்து ஒரே நேரத்துல பார்க்க வழி பண்ணியிருந்தாங்க, அம்மா நோட்டு மாதிரி ஒரே பக்கத்துல ரெண்டு பத்தி. ஹான்லேல 21 மீட்டர் விட்டமுள்ள மேஸ் தொலைநோக்கியை 2024 அக்டோபர் 4ல திறந்து வெச்சாங்க. அந்த வகையில உலகத்துலயே ரொம்ப உயரத்துல இருக்கறது அதுதான்.

கடைசியா ஒண்ணு. ஏப்ரல் மாசம் ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் வடக்கே பாருங்க. சப்தரிஷி மண்டலம் நல்லா மேல ஏறி நிக்கும். அந்தப் பெருங்கரடியோட பின்னங்கால் பக்கம் 51ங்கற எண் கொண்ட மங்கலான நட்சத்திரம் ஒண்ணு இருக்கு, பைனாகுலர்ல பிடிக்கலாம். அதை ஒட்டினாப்புலதான் மார்க்கேரியன் 421. அது நம்ம பைனாகுலர்ல தெரியாது. ஆனா அந்தத் திசையில பார்த்துக்கிட்டு நிக்கும்போது, நேர் வடக்க ஹான்லேல ஒரு 21 மீட்டர் கண்ணாடியும் அதே பக்கம் திரும்பி நிக்கலாம். நிலா இல்லாத ராத்திரியாப் பார்த்துப் போங்க.

வரட்டுமா? நாளைக்கு ஆணி நிறைய இருக்கு.